உமிழ்நீரில் நோய்க்குறிப்பான் தேட நானோதுளை: மாதிரி எடுப்பது முதல் எண்ணிக்கை வரை

நானோதுளை சென்சாரைப் பற்றிப் படித்துவிட்டு ஆய்வகத்துக்கு வரும் மாணவர்கள் முதலில் கேட்பது, "எச்சிலை நேராகத் துளைக்குள் விட்டால் என்ன?" என்பதுதான். விடலாம். கொஞ்ச நேரத்தில் துளை அடைத்துக்கொள்ளும். அடைக்காவிட்டால் தலைவலி இன்னும் பெரிது: எந்த மூலக்கூறால் வந்தது என்றே சொல்ல முடியாத ஆயிரக்கணக்கான சிக்னல்கள் திரையில் ஓடும், அவற்றில் நாம் தேடுவது எது என்று யாராலும் பிரிக்க முடியாது.

அதனால் இந்த வழிகாட்டி ஒரே பிடிவாதத்தோடு போகும்: உமிழ்நீரை முடிந்தவரை துளையின் பக்கமே விடக் கூடாது. நமக்கு வேண்டிய புரதத்தை உமிழ்நீரிலேயே ஆன்டிபாடியால் பிடித்து, கழுவி, அதற்குப் பதிலாக ஒரு சுத்தமான டிஎன்ஏவைத் துளைக்கு அனுப்பி எண்ண வேண்டும். நோய்க்குறிப்பானுக்கு, அதாவது நோயைக் காட்டிக்கொடுக்கும் மூலக்கூறுக்கு, உதாரணமாக இன்டர்லூகின்-8 என்ற சிறிய புரதத்தை எடுத்துக்கொள்கிறேன். வாய்ப்புற்று உள்ளவர்களின் உமிழ்நீரில் இதன் அளவு கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புகையிலையும் பாக்கும் மெல்லும் இந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்வரிசையில் நிற்பதால் இந்த உதாரணம் நமக்குத் தூரத்தது அல்ல.

துளை என்ன செய்கிறது

இரண்டு உப்புநீர்த் தொட்டிகள், நடுவே ஒரு மெல்லிய சவ்வு, சவ்வில் ஒரே ஒரு துளை. இரு பக்கமும் மின்முனை வைத்து வோல்டேஜ் கொடுத்தால் அயனிகள் துளை வழியே ஓடும். ஒரு மூலக்கூறு உள்ளே நுழையும்போது அயனிகளுக்கு இடம் குறைகிறது, மின்னோட்டம் சட்டென இறங்குகிறது. மூலக்கூறு வெளியேறியதும் பழைய நிலைக்கு ஏறுகிறது. எவ்வளவு இறங்கியது, எவ்வளவு நேரம் இறங்கியிருந்தது, எத்தனை முறை இறங்கியது: நமக்குக் கிடைக்கும் தகவல் மொத்தமும் இந்த மூன்றுதான்.

இந்தத் தத்துவம் பழையது. இரத்த அணுக்களை எண்ண வாலஸ் கூல்டர் 1953இல் காப்புரிமை பெற்ற கருவியும் இப்படித்தான் வேலை செய்கிறது. அங்கே துளையின் அளவு மைக்ரோமீட்டர் கணக்கில். 1996இல் கசியானோவிச், பிராண்டின், பிரான்டன், டீமர் ஆகியோர் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவின் ஆல்ஃபா-ஹீமோலைசின் என்ற புரதத் துளை வழியே ஒற்றை இழை ஆர்என்ஏ, டிஎன்ஏ மூலக்கூறுகளை ஓட்டிக் காட்டினார்கள். 2001இல் ஹார்வர்டில் சிலிக்கான் நைட்ரைடு சவ்வில் அயனிக் கற்றையால் துளை செதுக்கினார்கள். சாதாரண ஆய்வகங்களுக்கு உண்மையில் கதவைத் திறந்தது 2014இல் கனடாவின் ஒட்டாவாவில் டபார்ட்-கோசா குழு வெளியிட்ட முறை: விலை உயர்ந்த எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாமல், உப்புநீரில் வைத்த சவ்வுக்கு வோல்டேஜ் கொடுத்தே துளை போடலாம். நாமும் அதைத்தான் பயன்படுத்தப் போகிறோம்.

நேராக விட்டால் ஏன் ஆகாது: ஒரு சின்னக் கணக்கு

உமிழ்நீரில் 99 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். மீதியில்தான் சிக்கல்: கொழகொழப்பைத் தரும் மியூசின், மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ், ஆன்டிபாடிகள், புரதங்களை வெட்டும் நொதிகள், உதிர்ந்த செல்கள், மில்லிலிட்டருக்குக் கோடிக்கணக்கில் பாக்டீரியா.

மில்லிலிட்டருக்கு 250 பிகோகிராம் இன்டர்லூகின்-8 இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் எடை சுமார் 8,400 டால்டன் என்பதால் இது ஏறக்குறைய 30 பிகோமோலார் (மோலார் செறிவின் அலகு; மைக்ரோமோலார் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, பிகோமோலார் லட்சம் கோடியில் ஒரு பங்கு). 10 நானோமீட்டர் துளைக்குப் பரவல் ஒன்றினாலேயே வந்து சேரும் மூலக்கூறுகளின் வேகம் = 2 × பரவல் எண் × செறிவு × துளை விட்டம். சிறிய புரதத்துக்குப் பரவல் எண் நொடிக்குச் சுமார் 100 சதுர மைக்ரோமீட்டர். போட்டுப் பார்த்தால் அரை நிமிடத்துக்கு ஒரு மூலக்கூறு. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அமைலேஸ் அதே உமிழ்நீரில் சுமார் 10 மைக்ரோமோலார் அளவில் இருக்கும். அது கொஞ்சம் பெரிய புரதம், சற்று மெதுவாகப் பரவும். இருந்தாலும் அதே கணக்கில் நொடிக்கு ஆயிரக்கணக்கில் வந்து முட்டும். நமக்கு வேண்டிய ஒன்று வருவதற்குள் வேண்டாத லட்சக்கணக்கான மூலக்கூறுகள் வந்து போயிருக்கும். உமிழ்நீரை நீர்த்துப் போகச் செய்தாலும் இந்த விகிதம் மாறாது.

இன்னொரு தடை வேகம். 2013இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் டெக்கர் குழு காட்டியபடி, பெரும்பாலான புரதங்கள் திட நானோதுளையை (சிலிக்கான் நைட்ரைடு போன்ற திடப்பொருளில் போட்ட துளை) கடக்கும் வேகத்துக்கு ஆம்ப்ளிஃபையர் ஈடுகொடுக்காது. கருவியில் பதிவாவது மெதுவாகப் போன, சுவரில் ஒட்டிப் போன சிறுபான்மை மட்டுமே. அதை வைத்து அளவு சொல்வது ஆபத்து.

நேராக அளந்து வென்றவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஒசாகா பல்கலைக்கழகத்தில் தானிகுச்சி குழு 2021இல் 300 நானோமீட்டர் துளையையும் இயந்திரக் கற்றலையும் சேர்த்து உமிழ்நீரில் கொரோனா வைரஸைத் தேடியது. 5 நிமிட அளவீட்டில் 90 சதவீத உணர்திறன் (தொற்று உள்ளவரைப் பிடிக்கும் திறன்), 96 சதவீதத் துல்லியத்தன்மை (இல்லாதவரை இல்லை என்று சொல்லும் திறன்) என்று அறிவித்தது. அங்கே தேடியது சுமார் 100 நானோமீட்டர் அகலமுள்ள முழு வைரஸ். புரதங்கள் அவ்வளவு பெரிய துளையில் தடயமே இல்லாமல் கடந்துவிடும். நெதர்லாந்தின் குரோனிங்கனில் மாலியா குழு 2018இல் வேறு வழி பிடித்தது: ஒரு புரதத் துளைக்குள் குளுக்கோஸை மட்டும் பற்றும் இன்னொரு புரதத்தை உட்காரவைத்து, நானோலிட்டர் அளவு உடல் திரவத்திலேயே குளுக்கோஸை அளந்தார்கள். குளுக்கோஸ் மைக்ரோமோலார், மில்லிமோலார் கணக்கில் கிடைக்கும் பொருள் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். இன்டர்லூகின்-8 போன்ற பிகோமோலார் சைட்டோகைன் (செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லும் புரதம்) வேறு கதை.

படி 1: கேள்வியை முதலில் முடிவுசெய்யுங்கள்

தேடுவது நியூக்ளிக் அமிலமா, புரதமா, முழு வைரஸா? வாயில் எந்தெந்த பாக்டீரியா இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து மினயான் போன்ற நானோதுளை வரிசைப்படுத்தும் கருவியில் ஓட்டுங்கள். இந்த வழிகாட்டி தேவையே இல்லை. மைக்ரோஆர்என்ஏ (மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் குட்டி ஆர்என்ஏ) என்றால் அதோடு ஜோடி சேரும் டிஎன்ஏ துண்டை வைத்து ஆல்ஃபா-ஹீமோலைசினில் பார்க்கும் வழி இருக்கிறது. நுரையீரல் புற்று நோயாளிகளின் இரத்தத்தில் அப்படி அளந்து மிசௌரி பல்கலைக்கழகக் குழு 2011இல் வெளியிட்டது. புரதம் என்றால் கீழே உள்ளதைத் தொடருங்கள்.

புரதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அது வேறு எந்தக் காரணத்தால் கூடும் என்றும் பார்க்க வேண்டும். இன்டர்லூகின்-8 ஓர் அழற்சிப் புரதம். ஈறு வீங்கியிருந்தாலே கூடும். பல் மருத்துவரின் ஈறு பரிசோதனைக் குறிப்பு இல்லாத மாதிரியை நான் கணக்கில் எடுக்கவே மாட்டேன். ஒரே குறிப்பானை நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்து அளப்பதும் இதனால்தான்.

மனிதர்களிடம் மாதிரி எடுப்பதால் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியும் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் கட்டாயம். இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதற்கு அடிப்படை. அனுமதி வர மாதங்கள் ஆகலாம், அதனால் முதலில் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு அப்புறம் துளை போடப் பழகுங்கள்.

படி 2: உமிழ்நீர் எடுப்பது

முடிவைத் தீர்மானிக்கும் இடம் இதுதான். ஆனால் பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த மாணவரிடம் தள்ளிவிடப்படும் வேலையும் இதுதான்.

காலை 9 முதல் 11 மணிக்குள் எடுங்கள், எல்லோரிடமும் அதே நேரத்தில். குறைந்தது ஒரு மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு, காபி, டீ, புகை, பல் துலக்குதல் எதுவும் கூடாது. வெற்றிலை போடுகிறவர்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். "ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்றால் இல்லை என்பார்கள், வெற்றிலையைச் சாப்பாட்டுக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. அதிலுள்ள சுண்ணாம்பு உமிழ்நீரின் பிஎச் அளவை ஏற்றிவிடும், பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் புரதங்களைத் திரளவைக்கும். இரண்டுமே ஆன்டிபாடி பிடிப்பைக் கெடுக்கும்.

வெறும் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லி, 10 நிமிடம் காத்திருந்து, தலையைச் சற்றுக் குனிந்தபடி வாயில் ஊறுவதை ஐஸில் வைத்த குழாயில் தானாக வழியவிடச் சொல்லுங்கள். காறித் துப்பக் கூடாது. காறினால் தொண்டைச் சளி சேர்ந்துவிடும். புளியங்காயை நினைக்கச் சொல்வதும் வேண்டாம், தூண்டப்பட்ட உமிழ்நீரின் கலவையே வேறு. தூண்டாத நிலையில் நிமிடத்துக்கு 0.3 முதல் 0.4 மில்லிலிட்டர் ஊறும். 3 மில்லிலிட்டர் வேண்டுமானால் 10 நிமிடம் ஆகும். எத்தனை நிமிடத்தில் எவ்வளவு வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாய் உலர்ந்தவருக்கு எல்லாப் புரதமும் செறிவாகத் தெரியும், அதைப் பின்னால் சரிசெய்ய இந்த எண் வேண்டும். பஞ்சு வைத்து எடுக்கும் முறை வசதியானதுதான், ஆனால் பஞ்சு சில புரதங்களை விடாது.

இளஞ்சிவப்பாகத் தெரியும் மாதிரியில் இரத்தம் கலந்திருக்கிறது. தள்ளிவையுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவைக் கண்டுபிடிக்க டிரான்ஸ்ஃபெரின் என்ற இரத்தப் புரதத்தின் அளவு பார்க்கலாம்.

உடனே 4 டிகிரி செல்சியஸில், 2,600 ஜி விசையில், 15 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ் செய்து மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். புரதம் வெட்டும் நொதிகளைத் தடுக்கும் மருந்துக் கலவையைச் சேருங்கள். சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து -80 டிகிரியில் வையுங்கள். ஒரு குழாயை ஒரு முறைதான் உருக்க வேண்டும். உருகிய பிறகு இன்னொரு முறை சென்ட்ரிஃபியூஜ் செய்தால் உறைந்தபோது திரண்ட மியூசின் அடியில் படியும், பிப்பெட் முனையில் நூல் நூலாக இழுபடுவது நிற்கும். அந்த இழுவை நிற்காவிட்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

மியூசினை உடைக்க டிடிடி என்ற வேதிப்பொருளைச் சேர்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். டிடிடி வெட்டுவது சல்ஃபர் பிணைப்புகளை. ஆன்டிபாடியின் சங்கிலிகளைச் சேர்த்துப் பிடித்திருப்பதும் அதே பிணைப்புதான்! இந்த முறைக்கு அது வேண்டாம்.

படி 3: காந்த மணிகளில் பிடித்துக் கழுவுதல்

சுமார் 2.8 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள, ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய காந்த மணிகள் எளிதாகக் கிடைக்கும். ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பயோட்டின் என்ற சிறிய மூலக்கூறை இறுகப் பற்றும். எனவே பயோட்டின் சேர்த்த இன்டர்லூகின்-8 ஆன்டிபாடியை அவற்றில் ஏற்றி, மிச்ச இடத்தை பிஎஸ்ஏ என்ற மாட்டு இரத்தப் புரதத்தால் மூடுங்கள். 100 மைக்ரோலிட்டர் உமிழ்நீரோடு அதே அளவு பஃபர் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்; சோப்பு போன்ற ட்வீன்-20 0.1 சதவீதம் சேர்த்தது) கலந்து, மணிகளைப் போட்டு, அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் சுழலவிடுங்கள். மணிகள் அடியில் உட்கார்ந்துவிடக் கூடாது.

காந்தத்தில் ஒட்டவைத்து உமிழ்நீரை உறிஞ்சி எடுத்துவிட்டால் அமைலேஸ், மியூசின், பாக்டீரியா எல்லாம் அதோடு போய்விடும். மூன்று முறை கழுவுங்கள். இப்போது இரண்டாவது ஆன்டிபாடி: இது அதே புரதத்தின் இன்னொரு பக்கத்தைப் பிடிக்கும், அதன் முதுகில் ஓர் இரட்டை இழை டிஎன்ஏ தொங்கும். இதுதான் ரிப்போர்ட்டர். டிஎன்ஏவையும் ஆன்டிபாடியையும் இணைப்பது புற ஊதா ஒளியில் அறுபடும் ஓர் இணைப்பு. இந்த இரண்டாவது ஆன்டிபாடியில் பயோட்டின் இருக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் சொல்கிறேன்: இருந்தால் புரதம் இல்லாமலேயே மணியில் போய் ஒட்டும்.

இந்த இடத்தில் கழுவுவதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஐந்தாறு முறை கழுவுங்கள். நடுவில் இரண்டு முறையாவது மணிகளைப் புதுக் குழாய்க்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் சுவரில் ஒட்டியிருக்கும் ரிப்போர்ட்டர் எத்தனை முறை கழுவினாலும் போகாது, கடைசியில் வெளியேற்றும்போது மட்டும் சரியாக வந்து சேர்ந்து எண்ணிக்கையைக் கூட்டும். இந்த முறையின் கண்டறியும் எல்லையை நிர்ணயிப்பது துளை அல்ல, இப்படித் தவறாக ஒட்டிய ரிப்போர்ட்டர்கள்தான்.

கடைசியாக மணிகளை 10 மைக்ரோலிட்டர் பஃபரில் வைத்து 365 நானோமீட்டர் ஒளியைக் காட்டினால் டிஎன்ஏ அறுந்து கரைசலுக்கு வரும். கணக்குப் பாருங்கள்: 100 மைக்ரோலிட்டரில் 30 பிகோமோலார் என்றால் சுமார் 180 கோடி மூலக்கூறுகள். பாதிதான் பிடிபட்டது என்றாலும் 10 மைக்ரோலிட்டரில் 90 கோடி, அதாவது 150 பிகோமோலார். சுத்தமாக்கியதோடு ஐந்து மடங்கு செறிவாகவும் ஆக்கிவிட்டோம். உப்பு சேர்க்கும்போது இதில் பாதி நீர்த்துவிடும், பரவாயில்லை.

மணியில் பிடித்து, டிஎன்ஏவாக மாற்றி, திட நானோதுளையில் எண்ணும் இந்த உத்தியை ஒட்டாவா குழு 2021இல் தைராய்டு தூண்டும் ஹார்மோனுக்குச் செய்து காட்டியிருக்கிறது. ஃபெம்டோமோலார் (பிகோமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரம்பின் மேல்பகுதி வரை அளக்க முடிந்தது.

ரிப்போர்ட்டராக எந்த டிஎன்ஏ? சில நூறு ஜோடி (இரட்டை இழையில் எதிரெதிரே நிற்கும் எழுத்துகளின் ஜோடி) நீளம் போதாது, கண் சிமிட்டும் முன் போய்விடும். 3,000 ஜோடி நீளத்தில் ஆரம்பியுங்கள். நடுவில் ஒரு தடித்த முடிச்சு போன்ற அமைப்பு இருந்தால் சிக்னலில் இரண்டாவது பள்ளம் தெரியும், குப்பையிலிருந்து பிரிக்க வசதி. ஆனால் சாதாரண டிஎன்ஏவும் தானாகவே மடங்கியும் முடிச்சுப் போட்டும் துளைக்குள் வரும். அதுவும் இதே போன்ற பள்ளத்தைக் காட்டும். முடிச்சு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே பள்ளம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

படி 4: துளை போடுதல்

10 நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் நைட்ரைடு சவ்வு கொண்ட சிப்பை வாங்குங்கள். பிரான்ஹா கரைசலில் சுத்தம் செய்யலாம், ஆனால் அடர் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த அது கரிமப் பொருள் பட்டால் வெடிக்கும். பக்கத்தில் அசிட்டோன் பாட்டில்கூட இருக்கக் கூடாது. ஆக்சிஜன் பிளாஸ்மா கருவி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், நிம்மதி.

சிப்பைத் தாங்கியில் பொருத்தி, முதலில் எத்தனாலும் தண்ணீரும் சம அளவு கலந்த திரவத்தால் நனைத்து, பிறகு 1 மோலார் பொட்டாசியம் குளோரைடு, பிஎச் 8 நிரப்புங்கள். ஒரு சின்னக் காற்றுக்குமிழி சவ்வில் ஒட்டியிருந்தாலும் அன்றைய நாள் போச்சு.

மின்முனைகளை நீங்களே செய்துகொள்ளலாம். வெள்ளிக் கம்பியை நுண் உப்புத்தாளால் தேய்த்து, சலவை பிளீச்சில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். பளபளப்புப் போய் ஊதா கலந்த சாம்பல் நிறம் வர வேண்டும். அந்தப் பூச்சு தேய்ந்து வெள்ளி மின்னத் தொடங்கினால் மின்னோட்டம் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கும். பலர் துளையைச் சந்தேகிப்பார்கள், குற்றவாளி கம்பி.

இப்போது சவ்வுக்கு நானோமீட்டருக்கு 0.5 முதல் 1 வோல்ட் என்ற கணக்கில் மின்புலம் கொடுங்கள்: 10 நானோமீட்டர் சவ்வுக்கு 5 முதல் 10 வோல்ட். கசிவு மின்னோட்டம் மெல்ல ஓடும். சில நொடியிலோ சில நிமிடத்திலோ திடீரென்று எகிறும். அந்தக் கணமே வோல்டேஜைத் துண்டிக்க வேண்டும். கையால் முடியாது, கணினி நிரல் செய்யட்டும். பிறகு மிதமான துடிப்புகள் கொடுத்துத் துளையை 6 நானோமீட்டருக்குப் பெரிதாக்குங்கள்.

6 நானோமீட்டர் என்று எப்படித் தெரியும்? -200 முதல் +200 மில்லிவோல்ட் வரை மாற்றி மின்னோட்டத்தைப் பாருங்கள், நேர்கோடு வர வேண்டும். வளைந்தால் துளை சரியாக நனையவில்லை அல்லது வடிவம் கோணல். நேர்கோட்டின் சரிவுதான் கடத்துத்திறன். 4 × தடிமன் ÷ (பை × விட்டத்தின் வர்க்கம்) என்பதோடு 1 ÷ விட்டம் என்பதைக் கூட்டி, கரைசலின் கடத்துமையை (மீட்டருக்குச் சுமார் 11 சீமென்ஸ்) அந்தக் கூட்டலால் வகுங்கள். 6 நானோமீட்டர் துளை, 10 நானோமீட்டர் தடிமனுக்கு 21 நானோசீமென்ஸ் வரும். 200 மில்லிவோல்ட்டில் 4.2 நானோஆம்பியர். இதே சூத்திரப்படி 2.2 நானோமீட்டர் தடிமனுள்ள டிஎன்ஏ உள்ளே இருக்கும்போது 450 முதல் 500 பிகோஆம்பியர் இறக்கம் எதிர்பார்க்கலாம். வெற்றுத் துளையின் இரைச்சல் இதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் அந்தத் துளையை வைத்துப் போராடாதீர்கள், அடுத்த சிப்பை எடுங்கள்.

படி 5: அளவிடுதல்

மிகச் சிறிய மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச் கிளாம்ப் வகை ஆம்ப்ளிஃபையர் வேண்டும். ஆக்ஸோபேட்ச் 200பி பல ஆய்வகங்களில் இருக்கும், இல்லாவிட்டால் பக்கத்து நரம்பியல் துறையில் கேட்டுப் பாருங்கள். வடிகட்டியை 100 கிலோஹெர்ட்ஸிலும் பதிவை 500 கிலோஹெர்ட்ஸிலும் வையுங்கள். படம் அழகாகத் தெரிய வேண்டும் என்று வடிகட்டியை 10 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கும் ஆசை வரும். 3,000 ஜோடி டிஎன்ஏ துளையில் இருப்பதே 100 மைக்ரோநொடிக்கு அக்கம்பக்கம்தான். 10 கிலோஹெர்ட்ஸில் ஏற்ற நேரமே 35 மைக்ரோநொடி. நடுவில் வைத்த முடிச்சு காணாமல் போய்விடும். இறக்குவதானால் பதிவு செய்த பிறகு கணினியில் இறக்குங்கள்.

பொட்டாசியம் குளோரைடுக்குப் பதில் லித்தியம் குளோரைடு போட்டால் டிஎன்ஏ பல மடங்கு மெதுவாகும், ஏனென்றால் லித்தியம் அயனி டிஎன்ஏவை இன்னும் இறுகப் பற்றி அதன் மின்னேற்றத்தைக் குறைக்கிறது. நான் எப்போதும் லித்தியம் பக்கம்தான். எண்ணிக்கை குறைவாக வந்தால் டிஎன்ஏ இருக்கும் பக்கத்தில் உப்பைக் குறைத்து மறுபக்கம் கூட்டுங்கள். துளையின் வாயருகே மின்புலம் விரிந்து அதிக டிஎன்ஏவை இழுக்கும்.

வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் உலோகப் பெட்டியான ஃபாரடே கூண்டுக்குள் வைத்துக் கதவை மூடிவிடுங்கள். 50 ஹெர்ட்ஸ் அலை தெரிந்தால் டியூப்லைட், மின்விசிறி, யாரோ சொருகி மறந்த செல்போன் சார்ஜர் என்று ஒவ்வொன்றாக அணையுங்கள். தரையிணைப்பு ஒரே புள்ளியில் இருக்கட்டும்.

வரிசை இது, மாற்றாதீர்கள். வெறும் பஃபர் மட்டும் 10 நிமிடம்: ஏறக்குறைய எதுவும் வரக் கூடாது, வந்தால் கரைசலில் குப்பை. அடுத்து இன்டர்லூகின் சேர்க்காமல் எல்லாப் படியும் செய்த வெற்று மாதிரி. அதன் பிறகு தெரிந்த அளவு இன்டர்லூகின் சேர்த்த மாதிரிகள். கடைசியில் நோயாளி, ஆரோக்கியமானவர் மாதிரிகள், யாருடையது என்று அளப்பவருக்குத் தெரியாமல், கலைத்துப்போட்ட வரிசையில். துளை அடைத்தால் வோல்டேஜைச் சில நொடி எதிர்த்திசையில் மாற்றுங்கள். விடாவிட்டால் சிப்பை மாற்றுங்கள்.

ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த செறிவில் இன்னொரு டிஎன்ஏவை ஒப்பீட்டுக்காகச் சேருங்கள், சிக்னலில் தனியாகத் தெரியும்படி வேறு நீளமோ வேறு வடிவமோ உள்ளதாக. துளை அளவீட்டின்போதே மெல்லப் பெரிதாகும், வெப்பம் மாறும், எண்ணிக்கை வேகம் ஏறி இறங்கும். இரண்டு டிஎன்ஏவுக்கும் அதே பாதிப்பு என்பதால் இரண்டின் விகிதம் பெரிதாக மாறாது. நீளத்தைப் பொறுத்து டிஎன்ஏ பிடிபடும் வேகமும் மாறுவதால், இரண்டையும் தெரிந்த செறிவில் கலந்து முன்கூட்டியே ஒரு திருத்த எண் கண்டுபிடித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் ஒரு துளையில் வந்த எண்ணை இன்னொரு துளையின் எண்ணோடு ஒப்பிடும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

படி 6: எண்ணுவதும் கணக்கிடுவதும்

அடிக்கோடு நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால் நகரும் சராசரியைக் கழித்துவிட்டு, இரைச்சலின் ஐந்து மடங்குக்கு மேல் ஆழமாக இறங்குவதை மட்டும் நிகழ்வாக எடுங்கள். மோசைக், டிரான்ஸலைசர் போன்ற இலவச மென்பொருள்கள் இதற்குப் போதும். இறக்கத்தின் ஆழம் ஓர் அச்சில், நேரம் இன்னோர் அச்சில் என்று புள்ளிகளைப் போட்டால் ரிப்போர்ட்டர் ஒரு கொத்தாகவும் ஒப்பீட்டு டிஎன்ஏ இன்னொரு கொத்தாகவும் பிரியும். இடது ஓரத்தில் ஆழமில்லாமல் சிதறிக்கிடப்பவை துளையின் வாயில் முட்டித் திரும்பியவை; எண்ணாதீர்கள்.

நிகழ்வுகளுக்கு இடைப்பட்ட நேரங்களை வரைந்தால் சீராகத் தேய்ந்து இறங்கும் அடுக்குக்குறி வளைவு வர வேண்டும். வராவிட்டால் துளை இடையிடையே அடைபட்டிருக்கிறது.

எத்தனை எண்ண வேண்டும்? எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் பிழை. 100 எண்ணினால் 10 சதவீதம், 400 எண்ணினால் 5 சதவீதம். 5 நொடிக்கு ஒன்று வந்தால் 400க்கு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வெற்று மாதிரிகளின் சராசரியோடு அவற்றின் திட்டவிலக்கத்தின் மூன்று மடங்கைக் கூட்டினால் வருவது உங்கள் கண்டறியும் எல்லை. அதற்குக் கீழே வரும் எண்ணை "இல்லை" என்றும் எழுதாதீர்கள், "எல்லைக்குக் கீழ்" என்று எழுதுங்கள்.

உமிழ்நீரில் நீங்களே சேர்த்த இன்டர்லூகினில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்றும் பாருங்கள். 80 முதல் 120 சதவீதம் வந்தால் நல்லது. பஃபரில் 100 வந்து உமிழ்நீரில் 40 வந்தால் ஏதோ ஒன்று பிடிப்பைத் தடுக்கிறது. படி 2க்குத் திரும்பிப் போய் மியூசினைக் கவனியுங்கள். அதே மாதிரியை எலைசா என்ற வழக்கமான ஆன்டிபாடிச் சோதனையிலும் ஓட்டி இரண்டு எண்களையும் பக்கத்தில் வையுங்கள்.

இயந்திரக் கற்றல் பயன்படுத்துவதானால் ஒரே எச்சரிக்கை. பயிற்சிக்கும் சோதனைக்கும் தரவைப் பிரிக்கும்போது நிகழ்வுகளைக் கலைத்துப் பிரிக்காதீர்கள், ஆட்களைப் பிரியுங்கள், துளைகளையும் பிரியுங்கள். ஒரே துளையின் நிகழ்வுகள் இரண்டு பக்கமும் இருந்தால் நிரல் நோயைக் கற்காது, அந்தத் துளையின் இரைச்சலைக் கற்றுக்கொள்ளும். 99 சதவீதம் சரி என்று காட்டும், புதுச் சிப்பில் தோற்றுப்போகும்.

படி 7: ஆளிடம் என்ன சொல்வது

உணர்திறன் 90, துல்லியத்தன்மை 96 சதவீதம் என்று ஒரு சோதனை அமைந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அதை 1,000 பேரிடம் செய்கிறோம், அவர்களில் 10 பேருக்கு உண்மையில் நோய் இருக்கிறது. 9 பேரைப் பிடித்துவிடும். நோயில்லாத 990 பேரில் 40 பேருக்கும் நோய் என்று சொல்லும். ஆக 49 பேர் பயந்துபோய் வருவார்கள், அவர்களில் 40 பேர் வீணாகப் பயந்தவர்கள். புகையிலைப் பழக்கம், வாயில் வெள்ளைத் திட்டு, ஆறாத புண் உள்ளவர்களிடம் மட்டும் செய்தால் இந்த விகிதம் வெகுவாக மாறும், எனவே யாரிடம் சோதிக்கிறோம் என்பதை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஆய்வு நிலையில் உள்ள எண்ணைப் பங்கேற்பாளரிடம் சோதனை முடிவாகக் கொடுக்கக் கூடாது. கொடுக்க மாட்டோம் என்பதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதி, வாயாலும் சொல்லிவிட வேண்டும். மாதிரி எடுக்கும்போதே வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளை, சிவப்புத் திட்டோ கண்ணில் பட்டால், நம் எண் என்ன சொன்னாலும் அவரை அன்றே பல் மருத்துவரிடம் அனுப்புங்கள். உறுதி செய்வது சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிதான்.